டர்னில் ரெய்ஸ் வந்த பிறகு ராணி ஜோடி: விடுவதா, கட்டிப் பார்ப்பதா, ஆல்-இன் போவதா?

முதலில் கையைச் சொல்லிவிடுகிறேன். கை தெரியாமல் "ஜோடியை விடலாமா" என்று பேசினால் எல்லாப் பதிலும் சரியாகவே தோன்றும்.

நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் (ஆளுக்கு மறைவாக இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு), ஆறு பேர் மேசை, பிளைண்ட் எனும் கட்டாயத் தொடக்கப் பணம் 5 சென்ட், 10 சென்ட். இருவரிடமும் 10 டாலர். கட்-ஆஃப் இடத்தில் (சீட்டுப் பகிர்பவருக்கு முந்தைய இருக்கை) உங்களுக்கு ஆர்ட்டின் ராணியும் கிளாவர் ராணியும் வந்திருக்கின்றன. 30 சென்டுக்கு ஏற்றுகிறீர்கள்; பிக் பிளைண்ட் (10 சென்ட் போட்டவர்) மட்டும் கால் செய்கிறார், அதாவது அதே தொகையைக் கட்டுகிறார். ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) இஸ்பேடு ஜாக்கி, இஸ்பேடு 8, டைமண்ட் 4. அவர் செக் (பணம் போடாமல் விடுவது), நீங்கள் 45 சென்ட், அவர் கால். டர்னில் (நான்காம் பொதுச் சீட்டு) கிளாவர் 3. மறுபடியும் செக். நீங்கள் 1.10 டாலர் போடுகிறீர்கள். அதுவரை சீட்டு விழுவதற்குள் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தவர் இப்போது ஐந்தாறு வினாடி எடுத்துக்கொண்டு 3.50 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறார், அதாவது ஏற்றுகிறார்.

பாட் (நடுவில் சேர்ந்த பணம்) இப்போது 6.15 டாலர். கால் செய்ய இன்னும் 2.40 வேண்டும். அவரிடம் பின்னால் 5.75 மிச்சம், உங்களிடம் 8.15.

(இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆகவே இது அனுமதி உள்ள நாடுகளில் உரிமம் பெற்ற தளங்களில் ஆடுபவர்களுக்கும், கணக்கில் ருசி உள்ளவர்களுக்கும்.)

உங்கள் முன் உள்ள வழிகள் மூன்று என்று தோன்றும்: ஃபோல்டு (கையை விடுவது), கால், ஆல்-இன் (மிச்சம் முழுவதையும் தள்ளுவது). உண்மையில் நான்கு. டர்னில் கால் செய்துவிட்டு ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) பணம் கேட்டால் விட்டுவிடுவது ஒன்று. ரிவரிலும் கட்டியே தீர்வது என்று இறங்குவது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் அதிகப் பணம் போகிறது.

எதிரே என்ன இருக்கலாம்

உங்களை வென்றுகொண்டிருக்கும் கைகளை எண்ணிப் பார்க்கலாம். கையில் 8 ஜோடி இருந்தால் பொதுச் சீட்டின் 8ஓடு மூன்று 8 ஆகிவிடும்; அது மூன்று விதமாக அமையும். 4 ஜோடி மூன்று விதம். 3 ஜோடியும் மூன்று விதம். 3 ஜோடியை வைத்துக்கொண்டு அந்த ஃப்ளாப்பில் யாராவது கால் செய்வார்களா என்று கேட்கலாம். 10 சென்ட் மேசையில் செய்வார்கள். ஒரே இனத்து ஜாக்கி-8 இன்னும் மூன்று விதம். ஆக 12. ஜாக்கி ஜோடி இருந்திருந்தால் பெரும்பாலானோர் ஃப்ளாப்புக்கு முன்பே மறு-ரெய்ஸ் செய்திருப்பார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மூன்று ஒரே எண் அமைந்த கைக்கு எதிராக உங்களைக் காப்பாற்றுவது மிச்சமுள்ள இரண்டு ராணிகள் மட்டுமே: 44 சீட்டில் 2, அதாவது 4.5 சதவீதம். ஜாக்கி-8 கைக்கு எதிராக நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ரிவரில் 4 அல்லது 3 மறுபடி விழுந்தால் பொதுச் சீட்டில் ஒரு ஜோடி அமைந்து, ராணி ஜோடியோடு சேர்ந்து அவருடைய இரட்டை ஜோடியைத் தாண்டிவிடும். 2 ராணி, மூன்று 4, மூன்று 3 என 8 சீட்டு, 18 சதவீதம். பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் பங்கு சராசரியாக 8 சதவீதம்.

இனி நீங்கள் முந்தியிருக்கும் கைகள். இஸ்பேடு ஏஸோடு இன்னொரு சிறிய இஸ்பேடு வைத்திருப்பவர் பிளஷ்ஷுக்குக் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) காத்திருக்கிறார். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி இரண்டையும் முன்பே மறு-ரெய்ஸ் செய்திருப்பார் என்று கழித்தால் 10, 9, 7, 6, 5, 4, 3, 2 என எட்டுக் கைகள். இஸ்பேடு 10-9 ஒன்று. இவற்றுக்கு எதிராக நீங்கள் ஏறக்குறைய 70 சதவீதம் வெல்வீர்கள். ராஜா, 10, 9, 7 இவற்றை வைத்த மற்ற இஸ்பேடு இணைகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இருபதைத் தாண்டும். ஏஸ்-ஜாக்கி 12 விதம். அதற்கு எதிராக 88 சதவீதத்துக்கும் மேல்.

ஆக, அவர் கையில் இருக்கக்கூடியவற்றை மட்டும் எண்ணினால் நீங்கள் முந்தியிருக்கும் கைகளே மிக அதிகம். ஆனால் எண்ண வேண்டியது அதுவல்ல. இஸ்பேடு வைத்திருந்தால் ரெய்ஸ் செய்கிற ஆளா அவர் என்பதுதான் கேள்வி. சின்னப் பணத்து மேசையில் பெரும்பாலானோர் பிளஷ்ஷுக்குக் காத்திருக்கும்போது கால் செய்வார்கள், ஏஸ்-ஜாக்கியை வைத்துக்கொண்டும் கால் செய்வார்கள், கை நிறைந்த பிறகுதான் (இரட்டை ஜோடியோ மூன்று ஒரே எண்ணோ அமைந்த பிறகு) ரெய்ஸ் செய்வார்கள். இருபது இஸ்பேடு இணைகள் கணக்கில் இருந்தும் ரெய்ஸ் செய்யும் கணத்தில் அவற்றில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

ஆண்ட்ரூ சீட்மன் என்ற ஆட்டக்காரரின் இணையப் பெயரால் வழங்கும் பலூகா தேற்றம் சொல்வதும் இதைத்தான்: டர்னில் ரெய்ஸ் வந்தால் ஒற்றை ஜோடியின் மதிப்பை மறுபடி எடைபோடு. எடைபோடச் சொல்கிறதே தவிர எறியச் சொல்லவில்லை. இதைப் பாதி மட்டும் கேட்டவர்கள் டர்ன் ரெய்ஸ் என்றாலே கையை வீசிவிடுகிறார்கள்.

நான்கு வழிகளின் விலை

ஃபோல்டு செய்தால் கணக்கு பூஜ்யம். ஏற்கெனவே போட்ட 1.85 டாலர் இனி உங்களுடையதல்ல. அதைக் காப்பாற்றக் கட்டுகிறேன் என்பது பொருளற்றது.

ஆல்-இன் போனாலும், டர்ன், ரிவர் இரண்டிலும் கட்டினாலும், நீங்கள் போடுவது 8.15, கடைசிப் பாட் 20.05. சமன் ஆவதற்கு 40.6 சதவீதம் வெல்ல வேண்டும். சின்ன மேசைகளில் தளம் எடுத்துக்கொள்ளும் ரேக் பெரும்பாலும் 5 சதவீத அளவில் இருக்கும். அது 1 டாலரைக் கழித்தால் தேவை ஏறத்தாழ 43 ஆகிவிடுகிறது. உங்களை வெல்லும் 12 கைகளுக்கு எதிரே, காத்திருக்கும் கைகள் குறைந்தது 15 அல்லது 16 இருந்தால்தான் இது நட்டமில்லாமல் முடியும். ஆல்-இன்னுக்கு அவை ஃபோல்டு செய்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. பாட் முழுதாகக் கிடைக்கும். ஆனால் நிறைந்த கைகள் ஒன்றுவிடாமல் கட்டும்.

டர்னில் 2.40 கட்டி, ரிவரில் பெட் வந்தால் விடுவது என்பதற்கு வேறு விலை. பிளஷ் அமையாவிட்டால் அவர் ரிவரில் செக் செய்வார் என்று வைத்துக்கொண்டால், ரேக்கையும் ரிவரில் உங்கள் கை மேம்படும் வாய்ப்பையும் சேர்க்காமல் பார்த்தால், 12க்கு எதிரே 8 காத்திருக்கும் கைகள் இருந்தாலே சமன் ஆகிவிடும். நான்கில் மலிவானது இதுதான். கௌரவம் குறைந்த ஆட்டம் என்று பலர் இதைக் கேலி செய்வார்கள்: "விடுவதென்றால் டர்னிலேயே விடு, கட்டுவதென்றால் முழுதாகக் கட்டு." பொய் பெட்டைத் துணிந்து போடும் எதிராளிகள் நிறைந்த மேசைக்கு அந்த அறிவுரை சரி. பிளஷ் தவறியதும் 5.75 டாலரைத் துணிந்து தள்ளும் ஆள் 10 சென்ட் மேசையில் எத்தனை பேர்?

மேல்தட்டு ஆட்டத்தைப் படித்துவிட்டு வருபவர்களிடம் இன்னொரு வாதம் உண்டு. அவர் 2.65 டாலரை வெல்ல 3.50 போடுகிறார். நீங்கள் நூற்றுக்கு 57 தடவைக்கு மேல் விட்டால் அவர் எந்த இரண்டு சீட்டோடும் லாபம் பார்ப்பார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் எத்தனை தடவை விடுகிறீர்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு உங்களைச் சுரண்டுவதற்கு எதிராளிக்குப் பொறுமையும் தேவையும் வேண்டும். கைபேசியில் கிரிக்கெட் ஓட, மறுபக்கம் சீட்டு விழும் மேசையில் அந்த ஆளுக்காகப் பயந்து 8 டாலரைக் கொடுப்பது வீண்.

ஆளைப் பொறுத்து

முதல் வகை, பாதிக் கைகளை ஆடி, அரிதாக மட்டும் ஏற்றுபவர். புள்ளிவிவரப் பெட்டி அனுமதிக்கும் தளத்தில் அவர் தலைக்கு மேல் 48, 5 என்பது போன்ற எண்கள் நிற்கும்: நூறு கையில் 48ல் விரும்பிப் பணம் போடுகிறார், 5ல் மட்டும் ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ். இவர் டர்னில் ரெய்ஸ் செய்தால் ஃபோல்டு. யோசிக்கவே வேண்டாம். நான் மேலே சொன்ன ஐந்தாறு வினாடித் தாமதமும் இவரிடமிருந்து வந்தால் நல்ல செய்தி அல்ல. எவ்வளவு கேட்டால் கட்டுவீர்கள் என்று கணக்குப் போடுகிறார்.

இரண்டாம் வகை, ஓயாமல் பணம் தள்ளுபவர். கடந்த அரைமணியில் அவர் காட்டிய சீட்டுகளில் தவறிப்போன பிளஷ்ஷோ நடு ஜோடியோ இருந்ததென்றால் ஆல்-இன். ஏஸ்-ஜாக்கியையும் ராஜா-ஜாக்கியையும் ரெய்ஸ் செய்யும் ஆளிடம் 12 என்ற எண் கரைந்துபோய்விடும். அப்போது வெறும் கால் செய்வதில் ஒரு குறை உண்டு: ரிவரில் இஸ்பேடு விழுந்தால் நீங்களும் பயப்படுவீர்கள், ஏஸ்-ஜாக்கியோடு அவரும் பயப்படுவார். டர்னிலேயே தள்ளிவிடுவது இரண்டுக்கும் முந்திக்கொள்வது.

மூன்றாம் வகை, இப்போதுதான் மேசைக்கு வந்தவர்; ஒன்றும் தெரியாது. இவருக்கு எதிராக நான் டர்னில் கட்டி, இஸ்பேடு விழாத ரிவரிலும் பெட் வந்தால் விடுகிறேன். இதைப் பலர் ஏற்கமாட்டார்கள். தெரியாத ஆளிடம் நேரே ஃபோல்டு என்பார்கள். வித்தியாசம் சிறியது. கட்டுவதில் ஒரு கூடுதல் வரவு உண்டு: ரிவரில் இருவரும் செக் செய்து சீட்டைத் திறந்தால், அவர் எதை வைத்து டர்னில் ரெய்ஸ் செய்தார் என்பது தெரிந்துவிடும். அதைக் குறிப்பில் எழுதிவைத்தால் அடுத்த முறை ஊகிக்க வேண்டியதில்லை.

கையோ அளவோ மாறினால்

ரெய்ஸ் 3.50 அல்லாமல் வெறும் 2.20 என்றால் 1.10 கட்டி 4.85ஐப் பார்க்கிறீர்கள்; 18.5 சதவீதம் போதும். இந்த அளவு ரெய்ஸ் பெரும்பாலும் பெரிய கையிலிருந்து வருவதுதான், ஆனாலும் இந்த விலைக்கு டர்னில் விட மனம் வரவில்லை. ரிவரில் பார்த்துக்கொள்ளலாம். ரெய்ஸ் ஃப்ளாப்பிலேயே வந்திருந்தால் ஃபோல்டு என்ற பேச்சே வேண்டாம். அங்கே ஜாக்கியையும் பிளஷ்ஷுக்குக் காத்திருக்கும் கையையும் ரெய்ஸ் செய்கிறவர்கள் ஏராளம். ரிவரில் வரும் ரெய்ஸுக்கு நேர் எதிர். பாட்டுக்குள் மூன்றாவது ஆள் இருந்தால் எல்லாக் கணக்கும் ஃபோல்டு பக்கம் சாய்கிறது.

ஃப்ளாப்புக்கு முன் ராஜா ஜோடியை விடும் தைரியசாலிகளும் உண்டு. ஒன்பது பேர் மேசையிலேயே மற்ற எட்டுப் பேரில் எவரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்குள்தான். 100 பிக் பிளைண்ட் கையிருப்போடு இந்த மேசையில் அதைச் செய்யாதீர்கள்.

கடைசியாக, ராணிக்குப் பதில் ஏஸ் ஜோடி என்றால்? இன்னும் வலுவாகக் கட்டத் தோன்றும். மூன்று ஒரே எண் அமைந்த கைக்கு எதிராக ஏஸ் ஜோடிக்கும் இரண்டு சீட்டுதான், அதே 4.5 சதவீதம். உங்கள் ஏஸ்களில் ஒன்று இஸ்பேடு என்றால் எதிராளியின் எட்டு இஸ்பேடு-ஏஸ் கைகளும் மொத்தமாக மறைந்துவிடுகின்றன; ஏஸ்-ஜாக்கியும் 12லிருந்து 6 ஆகிறது. உங்களை வெல்லும் பன்னிரண்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. முதல் வகை ஆளிடம் இஸ்பேடு ஏஸ் உள்ள ஏஸ் ஜோடியை, இஸ்பேடு இல்லாத ராணி ஜோடியைவிட வேகமாக விடுகிறேன்.