கல்யாணக் கேசட்டை டிவிடியாக்கக் கொடுக்கிறீர்களா? வட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

அக்காவின் கல்யாணம் 1994இல் நடந்தது. அந்த மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டை டிவிடியில் பதிந்து தரச் சொல்லி மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். ரசீதில் "டிவிடி தரம்" என்று எழுதி 1,200 ரூபாய் வாங்கினார்கள். போட்டுப் பார்த்தால், அட்சதை தூவும் இடத்தில் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது. தாலி கட்டும் மாமாவின் முகமே தெரியவில்லை.

கேட்டதற்கு, "கேசட் பழசு, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். அது பொய். அதே கேசட்டைப் பெரியப்பா வீட்டு விசிஆரில் போட்டால் முகங்கள் நன்றாகத் தெரிகின்றன.

டிவிடியைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பதிவான பகுதி நடுவிலிருந்து வெளிநோக்கி வேறு நிற வளையமாகத் தெரியும். எங்கள் வட்டில் அது பாதியைக்கூட எட்டவில்லை. ஒரு சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி இடம் உண்டு. நல்ல தரத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான் பிடிக்கும். மூன்று மணி நேரம் பாதி வட்டுக்குள் அடங்குகிறதென்றால் படத்தை நசுக்கியிருக்கிறார்கள் என்றே பொருள். கணினியில் பார்த்தபோது படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள் (பிக்சல்). அது டிவிடிக்கு முந்தைய, தரம் குறைந்த வீடியோ சிடியான விசிடியின் அளவு. டிவிடியில் 720க்கு 576 வரை பதியலாம். எங்களுக்குக் கிடைத்தது அதில் கால் பங்குதான். கேசட் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் கார்டு விசிடி காலத்துப் பழையது, அதில்தான் பதிந்தோம் என்று அங்கே வேலை பார்க்கும் பையனே ஒப்புக்கொண்டான்.

போதாததற்கு, வட்டின் மேல் மணமக்கள் படத்தை ஸ்டிக்கராக ஒட்டி அதற்குத் தனியாக 100 ரூபாய். ஸ்டிக்கர் ஒட்டிய வட்டு சுழலும்போது ஆடும். ஓரம் பிரிந்தால் பிளேயருக்கும் கேடு.

விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நல்ல விசிஆர் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டதால் இந்தக் கடைகள் வைத்ததுதான் விலை. வெற்று டிவிடியின் விலை மிகக் குறைவு. மூன்று மணி நேரப் பதிவை இரண்டு வட்டுகளில் கேளுங்கள். கோப்பைப் பென்டிரைவிலும் வாங்குங்கள். கேசட்டைக் கையோடு திரும்பப் பெறுங்கள். அது இருந்தால்தான் மறுபடி பதிய முடியும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.