தென்னைநார் வலை: ஓடைக்கரைக்கு வாங்கலாமா?

வாங்கலாம், கரையின் அடியைக் கல்லால் கட்டத் தயாராக இருந்தால். வலையை மட்டும் விரித்தால் கரை அரிக்காமல் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். அடுத்த வெள்ளத்தில் மண்ணோடு வலையும் போய்விடும்.

நான் வாங்கியது நெய்த வகை, சதுர மீட்டருக்கு 900 கிராம். 400, 700 கிராமிலும் கிடைக்கிறது. மெலிந்தவை வெறும் சரிவு நிலத்துக்குப் போதும். தண்ணீர் உரசிக்கொண்டு ஓடும் கரைக்குக் கனமானதே சரி. எங்கள் ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், வெளிப்பக்கக் கரையில்தான் விரித்தோம். அரிப்பு அதிகம் நடப்பது அங்கேதான். வளைவில் வேகமான நீரோட்டம் வெளிக்கரையை ஒட்டி ஓடி அடிமண்ணைக் குடைகிறது. தாங்கல் போனதும் மேல்மண் பாளம் பாளமாகச் சரிகிறது. வெள்ளத்தின்போது உறுதியாக நின்ற கரை, தண்ணீர் வடிந்த பிறகு விழுவதையும் பார்த்திருப்பீர்கள். ஊறிப்போன மண் கனமாக இருக்கும். அதை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விட்டதல்லவா?

இந்த இரண்டையும் வலையால் தடுக்க முடியாது. அது பிடிப்பது மேற்பரப்பு மண்ணை மட்டும்தான். அதனால் செங்குத்தாக நின்ற கரையை முதலில் சாய்வாக வெட்டினோம்: ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் கிடைமட்டம். அடியில் ஓடைப்படுகைக்குக் கீழேயும் இறங்கும்படி பெரிய கற்களைப் புதைத்தோம். கற்களுக்குப் பின்னால் வடிகட்டும் துணி போட்டோம். அது இல்லாவிட்டால் கல் இடுக்கு வழியாகப் பொடிமண் கசிந்து கசிந்து கற்களே உள்வாங்கிவிடும்.

வலையின் தரத்துக்கு வருகிறேன். கயிறு முறுக்காக, சொரசொரப்பாக இருக்கிறது. நனைந்தால் மண்ணோடு படிந்து உட்காருகிறது. தேங்காய் நாரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும், எளிதில் மக்காத பொருள்) அதிகம் என்பதால் சணல் வலையைப் போலச் சீக்கிரம் மக்குவதில்லை. ஈரத்தையும் வெயிலையும் பொறுத்து இரண்டு முதல் ஐந்து ஆண்டு தாங்கும். கண்ணிகள் விரலை நுழைத்து நாற்று நடும் அளவுக்கு இருப்பது பெரிய வசதி.

விரிக்கும்போது மேல் விளிம்பைக் கரையின் தலையில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் இறக்கி, ஆணிக்குச்சி அடித்து மண்ணால் மூடுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில், தண்ணீர் வரும் பக்கத்துத் துண்டு மேலே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வெள்ளம் விளிம்பைத் தூக்கிவிடும். வலைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது. கூடாரம் போல எழும்பி நிற்கும் இடத்தில் தண்ணீர் அடியில் புகுந்து வாய்க்கால் வெட்டிவிடும். குண்டும் குழியுமான இடங்களில் பொறுமையாக மண்ணைத் தட்டி, குச்சிகளை நெருக்கி அடியுங்கள். எங்கள் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது.

அப்புறம், உண்மையில் கரையைக் காப்பது செடிதான். வலை அதற்கு நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. வெயில் படும் இடத்தில் வெட்டிவேரைக் குறுக்கு வரிசைகளாக, செடிக்குச் செடி 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு நட்டோம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் இரண்டு மூன்று மீட்டர் கூடப் போகும். நிழலில் அது தேறாது. அங்கே நொச்சிக் குச்சிகளை ஊன்றியிருக்கிறோம், துளிர்த்துவிட்டன.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். தென்னைநார் என்று விற்கும் சில விரிப்புகளில், உதிரி நாரை மெல்லிய பிளாஸ்டிக் வலைக்கு நடுவே வைத்துத் தைத்திருப்பார்கள். நார் மக்கிய பிறகும் பிளாஸ்டிக் கிடக்கும்; பாம்புகள் அதில் சிக்கிச் சாகும். ஓடையோரத்தில் அதைப் போடவே கூடாது. ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எடையையும் சொன்னபடி நம்ப வேண்டாம். காய்ந்த வலையில் ஒரு சதுர மீட்டரைத் தராசில் வையுங்கள். எனக்கு வந்த சுருள்களில் ஒன்று கண்ணுக்கே தெரியும்படி தளர்வாக நெய்யப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பி மாற்றினேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தத் தளர்ந்த சுருளுக்காகவும், எந்தத் துண்டு மேலே வர வேண்டும் என்று சொல்ல ஒரு தாள்கூட உள்ளே வைக்காததற்காகவும்.