கோடை உறக்கம் தேடப்போய் கிடைத்த விக்கிப்பீடியா பக்கம்

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். கோடை உறக்கம் என்றதும் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் இருந்துதான் ஆரம்பிப்பேன். மே மாதத்தில் அதில் நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால் ஓட்டின் வாயை, காய்ந்த பாலாடை போல ஒரு மெல்லிய மூடி அடைத்திருக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு மழை வரும்வரை அப்படியே கிடக்கும்.

போன கோடையில் இதற்காக ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘ஈஸ்டிவேஷன்’ என்று தேடினேன். நத்தை, நுரையீரல் மீனோடு ‘ஈஸ்டிவேஷன் ஹைப்பாதிசிஸ்’ என்று இன்னொரு தலைப்பும் கண்ணில் பட்டது. வேற்றுக்கிரக நாகரிகங்கள் இருந்தால் ஏன் ஒன்றையும் காணோம் என்று 1950-ல் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி கேட்டாரே, அந்தக் கேள்விக்கு அவை உறங்குகின்றன என்று பதில் சொல்லும் கருதுகோள் அது.

எங்கள் இயற்பியல் சாரிடம் காட்டினேன். “இதுக்கெல்லாம் தனிக் கட்டுரையா டீச்சர்?” என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. நிதானமாகப் படித்த பிறகு எண்ணம் மாறிவிட்டது.

கருதுகோளை 2017-ல் முன்வைத்தவர்கள் ஆண்டர்ஸ் சாண்ட்பெர்க், ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங், மிலன் சிர்கோவிச் என்ற மூவர். அடிப்படை 1961-ல் ரோல்ஃப் லேண்டவர் சொன்ன விதி: கணிப்பொறி கணக்கு போடும்போது ஒரு பிட் தகவலை அழிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் செலவாகும், சுற்றுப்புறம் குளிரக் குளிர அந்தச் செலவு குறையும். அண்டவெளியின் பின்னணி வெப்பநிலை இப்போது 2.7 கெல்வின். பிரபஞ்சம் விரிய விரிய இது இன்னும் இறங்கும். அதனால் முன்னேறிய நாகரிகம் ஒன்று ஆற்றலைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்து, நெடுங்காலம் கழித்து விழித்தால், அதே ஆற்றலில் 10^30 மடங்கு கணக்கு போடலாம். 1-க்குப் பின்னால் 30 சுழியம். நத்தை மழைக்குக் காத்திருக்கிறது, இவை குளிருக்குக் காத்திருக்கின்றன.

அழகான யோசனைதான். ஆனால் அழகாக இருப்பதால் மட்டும் கலைக்களஞ்சியத்தில் இடம் கொடுத்துவிட முடியாது. விக்கிப்பீடியா அதற்கு வைத்திருக்கும் அளவுகோலுக்குத் தமிழில் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று பெயர். ஒரு கருத்து சரியா தவறா என்று அது பார்ப்பதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அல்லாத பிறர், நம்பகமான இடங்களில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்க்கிறது. இது எனக்குச் சரியாகவே படுகிறது. தூங்குகிற நாகரிகத்தை யார் போய்ச் சரிபார்ப்பது?

இந்தக் கருதுகோளுக்கு அப்படி எழுதியவர்களில் முக்கியமானவர்கள் அதை மறுத்தவர்கள். சார்ல்ஸ் பென்னட், ராபின் ஹான்சன், ஜெஸ் ரீடல் மூவரும் 2019-ல் ‘ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில் பதில் எழுதினார்கள். தகவலை அழிக்கும்போது கணிப்பொறியில் சேரும் என்ட்ரோபியை, அதாவது ஒழுங்கின்மையை, அண்டவெளிப் பின்னணியில்தான் கொட்ட வேண்டும் என்று யார் சொன்னது என்பதே அவர்கள் கேள்வி. அதை வாங்கிக்கொள்ளக்கூடிய பெரும் தேக்கங்கள் இன்றைய பிரபஞ்சத்திலேயே இருக்கின்றன. காத்திருப்பதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது என்றார்கள். நத்தைக்கு மே மாதத்தில் வேறு வழி கிடையாது, அதனால் தூங்குகிறது. இந்த நாகரிகங்களுக்கு இப்போதே வழி இருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோதுதான் முதல் கட்டுரையே ஒழுங்காகப் புரிந்தது.

ஃபெர்மி முரண்பாடு பற்றிய பெரிய கட்டுரையில் இதை ஒரு பத்தியாகச் சேர்த்தால் போதாதா என்று சார் கேட்டார். போதாது என்பேன். ஒரு பத்திக்குள் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது மறுப்புதான். “வேற்றுக்கிரகவாசிகள் உறங்குகிறார்கள்” என்ற வரி மட்டும் மிஞ்சும், பிள்ளைகள் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். வேற்றுக்கிரகவாசிகள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நின்று பார்க்கிறார்கள் என்று 1973-ல் ஜான் பால் சொன்ன விலங்குக்காட்சிசாலைக் கருதுகோளுக்குத் தனிக் கட்டுரை இருப்பதும் நியாயம்தான். ஐம்பது ஆண்டுகளாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை, அதைப் பற்றி நாலு செய்தித் துணுக்கு, வேறு ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை என்றால் அதற்கு ஒரு பத்தியே தாராளம். அதையும் பெரிய கட்டுரையோடு இணைத்துவிடலாம், நீக்க வேண்டியதில்லை.

பக்கத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், கட்டுரை மிகச் சுருக்கம். லேண்டவர் விதியைப் பெயர் சொல்லி நகர்ந்துவிடுகிறது. அந்த 10^30 எங்கிருந்து வருகிறது என்று பிளஸ் டூ பிள்ளைக்குப் புரியாது. நான் கரும்பலகையில் இப்போதைய வெப்பநிலை, எதிர்கால வெப்பநிலை இரண்டையும் எழுதி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் காட்டிய பிறகுதான் பின்வரிசையில் தலையாட்டினார்கள். அந்த இரண்டு வரி கட்டுரையிலேயே இருந்திருக்கலாம். மறுப்புக்கும் இன்னும் ஒரு பத்தி இடம் கொடுத்திருக்கலாம்.

நீங்கள் படிப்பதானால் கட்டுரையோடு நிறுத்திவிடாமல் மேலே இருக்கும் ‘உரையாடல்’, ‘வரலாறு’ இரண்டையும் திறந்து பாருங்கள். எந்த வரி எப்போது வந்தது, எது நீக்கப்பட்டது என்பது வரலாற்றில் தேதியோடு இருக்கும்.