முக்காலி நின்றதும் சாய்ந்ததும்: நோக்கியாவுக்குப் பொருந்தும் கோட்பாடு எது?

எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை எடுத்துக்கொண்டேன். ஒரு கம்பெனி ஏன் கடல் கடந்து போய் முதலீடு செய்கிறது என்பதற்குக் கோட்பாடுகள் ஏகப்பட்டவை. வடிகட்டியதில் மிஞ்சியவை மூன்று. கூலி மலிவு, பெரிய சந்தை, துறைமுகம் பக்கம் என்பதெல்லாம் எதிலும் அடங்கிவிடும். நான் பார்த்தது ஒன்றைத்தான்: வந்ததைச் சொல்கிற கோட்பாடு போனதையும் சொல்கிறதா?

ரேமண்ட் வெர்னான் 1966-இல் சொன்னது, புதுப் பொருள் பணக்கார நாட்டில் பிறக்கும், பழகியபின் உற்பத்தி மலிவான நாட்டுக்கு நகரும் என்று. 2006-இல் நோக்கியா வந்தது வரை சரி. அதற்கப்புறம் கை கொடுக்கவில்லை.

1977-இல் வந்த 'உப்சாலா மாடல்' என்ற கோட்பாட்டின்படி கம்பெனி, முதலில் ஏஜெண்ட், பிறகு விற்பனைக் கிளை, கடைசியில் ஆலை என்று படிப்படியாகப் போகிறது. சிறிய ஏற்றுமதியாளர்களுக்கு இது பொருந்தலாம். அந்தப் பக்கம் நான் அதிகம் தேடவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது பொருளாதார அறிஞர் ஜான் டன்னிங்கை. அவருடைய கோட்பாடு மூன்று கேள்விகளைக் கால்களாகக் கொண்ட முக்காலி: உன்னிடம் மட்டும் என்ன இருக்கிறது, ஏன் அந்த ஊர், லைசென்ஸ் கொடுக்காமல் ஏன் நீயே செய்கிறாய்? பலரும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு விஷயம் பிடிபட்டது மூன்றாவதில்தான். ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்து நோக்கியாவின் பலத்தை, அதாவது முதல் காலை, கரைத்தன. 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாப்டுக்குப் போனது. வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலை மட்டும் கூடப் போகவில்லை. நேற்றுவரை வீட்டுப் பிள்ளையாக இருந்தது, மைக்ரோசாப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுக்கும் வெளியாளாகிவிட்டது. சொந்த ஆலையை மூட யோசிப்பார்கள்; ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒரு கடிதம் போதும். ரத்தானது. நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது.

ஊர் அதேதான். மூடிய ஆலையைப் பிறகு சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கிச் சார்ஜர் செய்கிறது. ஆக இரண்டாவது கால் முறியவில்லை என்று எழுதினேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிடித்துக்கொண்டார்கள்: "வரி வழக்கு அந்த ஊர்க் கணக்கில் வராதா?" வரும்தான். எந்தக் கால் முதலில் ஆடியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதைப் போட்டாலும் கொள்ளும் பை என்று டன்னிங்கைக் குறை சொல்வதும் இதனால்தான். மதிப்பெண்ணில் கொஞ்சம் போனது. இன்னொரு முறை எழுதினாலும் அவரைத்தான் எடுப்பேன்.