மாவட்ட வேலைவாய்ப்பு ரிப்போர்ட் என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்: என் ₹28,000 போச்சு

இன்னும் கோபம் தணியவில்லை, எழுத்து கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடியாத்தத்தில் தையலும் கம்ப்யூட்டரும் சொல்லித்தரும் சின்ன பயிற்சி மையம் நடத்துகிறேன். அடுத்த பேட்ச்சுக்கு ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் மெஷின் கூடுதலாகப் போடுவதா, மெடிக்கல் கோடிங் (மருத்துவக் குறிப்புகளைக் கோடு எண்களாக மாற்றும் கம்ப்யூட்டர் வேலை) வகுப்பு ஆரம்பிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வந்தது ஒரு இணைய நிறுவனம். பெயர் வேண்டாம். இணையத்தில் வரும் வேலை விளம்பரங்களைத் திரட்டி, எந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று மாவட்டவாரியாக ரிப்போர்ட் விற்பவர்கள்.

வீடியோ காலில் வந்த தம்பி அவ்வளவு பணிவு. வேலூர் வரைபடத்தைத் திறந்து காட்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினார். "நாங்க ஜோசியம் சொல்றதில்ல சார், விளம்பரத்தை எண்ணுறோம். அமெரிக்காவுல 1951லேர்ந்தே பேப்பர் விளம்பரத்தை எண்ணித்தான் வேலைச் சந்தையை அளந்தாங்க" என்றார். நானும் தேடிப் பார்த்தேன், அது உண்மைதான். கான்ஃபரன்ஸ் போர்டு என்ற அமைப்பு செய்தித்தாள் விளம்பரங்களை எண்ணி ஒரு குறியீட்டு எண் வெளியிட்டு வந்தது. 2005 முதல் இணைய விளம்பரங்களை எண்ணுகிறது. இங்கேயும் 2008 முதல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் இப்படி ஒரு குறியீட்டு எண் வெளியிடுகிறது. சரி, விஷயம் தெரிந்த ஆள்தான் என்று அன்று மாலையே ₹28,000 அனுப்பினேன்.

ரிப்போர்ட் வந்தது. வண்ண வண்ணப் படங்கள். வேலூரில் மெடிக்கல் கோடிங்குக்கு நூற்றுக்கணக்கில் ஆள் தேவையாம், ஷூ தையலுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதானாம்.

ஆம்பூரில் எங்களிடம் படித்த ஒரு பெண் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறாள். அவளிடம் சொன்னேன், சிரித்துவிட்டாள். "சார், டைலர் கிடைக்காம கேட்டுல போர்டு மாட்டி வெச்சிருக்காங்க. வேன் டிரைவர்கிட்டகூட உங்க ஊர்ல ஆள் இருந்தா கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்காங்க." ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் ஆள் எடுப்பது இப்படித்தான்: கேட் போர்டு, மேஸ்திரி, வேன் டிரைவர், தெரிந்தவர் சொல்வது. தையல் ஆளுக்கு யார் இணையத்தில் விளம்பரம் போடுவார்கள்? போடாத விளம்பரத்தை எண்ண முடியாது. அதற்காகத் தேவையே இல்லை என்று எழுதிவிடுவதா?

அப்புறம்தான் பின்னிணைப்பில் இருந்த விளம்பரங்களை உட்கார்ந்து பார்த்தேன். ஒரே விளம்பரத்தை வெவ்வேறு கன்சல்டன்சிகள் மறுபடி மறுபடி போட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலியிடமாம்! அமெரிக்கக் கணக்கில் இந்த இரட்டிப்பைக் கழித்துவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். அதை அந்தத் தம்பி சொல்லவில்லை. சில எண்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் "வேலை சென்னையில சார், ஊர் லிஸ்ட்ல வேலூரும் போட்டிருக்கோம்" என்றார். இன்னொருவர் பதிவுக் கட்டணம் கேட்டார். மூன்றாமவர் ரெஸ்யூமே சேர்த்து வைப்பதற்காகவே விளம்பரம் போடுகிறாராம்.

இதில் கொடுமை, 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததுகூட ரிப்போர்ட்டுக்குத் தெரியவில்லை. ராணிப்பேட்டை சிப்காட் விளம்பரமும் திருப்பத்தூர் விளம்பரமும் எல்லாமே 'வேலூர்' கணக்கில். நல்லவேளை, பழைய வட ஆற்காடு என்று திருவண்ணாமலையையும் சேர்க்காமல் விட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்." பிறகு "அல்காரிதம் அப்படித்தான் எடுக்கும் சார்." பிறகு, டவுன்லோட் செய்த ரிப்போர்ட்டுக்கு ரீஃபண்ட் கிடையாதாம். வரைபடம் காட்டிய தம்பி இப்போது போனையே எடுப்பதில்லை. சாட்டில் எழுதினால் 'உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது' என்று ஒரு இயந்திரம் பதில் போடுகிறது. கடைசியாக ஒரு மேடம் பேசினார்: இன்னும் ₹12,000 கட்டினால் இரட்டிப்பு நீக்கிய ரிப்போர்ட் தருவார்களாம். ₹28,000 வாங்கிக்கொண்டு குப்பையைக் கொடுத்துவிட்டு, குப்பையைப் பொறுக்க ₹12,000!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் மூல விளம்பரங்களைக் கேளுங்கள், பத்து எண்ணுக்காவது போன் போடுங்கள். ஒரே விளம்பரம் எத்தனை தடவை எண்ணப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். எந்த வருடத்து மாவட்ட எல்லை என்று கேளுங்கள். ஆம்பூர் பக்கம் என்றால் கம்பெனி கேட்டுக்கே நேரில் போய்விடுங்கள், செலவு பஸ் டிக்கெட்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். ஆற்காடு, வாலாஜா பக்கம் இதே மாதிரி ரிப்போர்ட் வாங்கி ஏமாந்த பயிற்சி மையக்காரர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள், சேர்ந்தே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்.