தோண்டிய மண்ணை அள்ள: முன் பக்கெட்டா, டிப்பர் டிரெய்லரா?

கடலூர்க் கடலோர மணலோ பண்ருட்டிச் செம்மண்ணோ, ஈரமானால் ஒரு கன மீட்டர் 1.5 டன்னைத் தாண்டும். மனையிலேயே ஒரு மூலையில் கொட்டுவதென்றால் மினி டிராக்டரின் முன் பக்கெட்தான் என் தேர்வு. பின்னால் உள்ள பேக்ஹோ (பள்ளம் தோண்டும் கை) எதிர் எடையாக இருக்கும். பக்கெட் தரையை ஒட்டியே இருக்கட்டும். தூக்கிப் பிடித்துத் திருப்பினால் வண்டி சாய்ந்துவிடும். சரிவில் ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸ். பள்ளத்தின் விளிம்பருகே போகவே வேண்டாம், ஐப்பசி மழையில் மணல் சட்டென்று சரியும். எடுத்த மண்ணையும் குறைந்தது 2 அடி தள்ளிப் போடுங்கள்.

தூரம் அதிகமென்றால், சரி, டிரெய்லர்தான். ஆனால் பேக்ஹோவைக் கழற்றாமல் அதை மாட்ட முடியாது. இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுவதே மேல். கொட்டும்போது சமதளம் கட்டாயம்.