நலங்கு மாவு: பாக்கெட்டா, அரைத்துக் கொள்வதா?

சோப்புக்குப் பதில் தேய்த்துக் குளிக்கும் நலங்கு மாவு நாட்டு மருந்துக் கடைகளில் மூன்று விதமாகக் கிடைக்கிறது: பாக்கெட், கடையிலேயே அரைத்து டப்பாவில் வைத்திருக்கும் உதிரித் தூள், அரைக்காத சரக்கு. என் ஓட்டு அரைக்காத சரக்குக்குத்தான். சென்னை ராசப்ப செட்டி தெரு மாதிரி சரக்கு வேகமாகப் போய் வரும் இடத்தில் வாங்கினால் இன்னும் நல்லது.

பாக்கெட்டைப் பிரித்ததுமே ரோஜா வாசனை தூக்கலாக அடித்தால் சென்ட் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காய்ந்த இதழுக்கு அவ்வளவு மணம் கிடையாது. பளீர் மஞ்சளாக இருந்தாலும் சந்தேகம்தான். அசல் கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிர் சந்தன நிறம், கற்பூர வாடை. தோலில் கறை ஒட்டாது. அந்தப் பெயரில் மலிவாக விற்பது பெரும்பாலும் வேறு மஞ்சள் கிழங்கு. ஒரு சிட்டிகை மாவை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். லேசான சாயம் ஆவாரம்பூவால் வருவது, போகட்டும். அழுத்தமாக இறங்கினால் வாங்காதீர்கள்.

அரை கிலோ பச்சைப்பயறுக்குக் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் தலா 50 கிராம், கோரைக்கிழங்கு 25 கிராம் போதும். பயறையும் கிழங்குகளையும் நல்ல வெயிலில் காயவைக்கலாம். பூக்களையும் வேரையும் நிழலில்தான். வெட்டிவேரை அரை அங்குலத் துண்டாக நறுக்காமல் கொடுத்தால் மெஷினில் சுற்றிக்கொள்ளும். கிழங்கை முன்கூட்டியே இடித்து வையுங்கள்.

மில்லில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மிளகாய் அரைத்த கையோடு அரைக்க விடாதீர்கள், முகம் எரியும். சீயக்காய்க்கென்று தனி மெஷின் இருந்தால் அதில் கொடுங்கள். சூடாக வரும் மாவை அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும், பிறகு பூஞ்சணம்தான். பேப்பரில் பரப்பி ஆறவிட்டுச் சலியுங்கள். சன்னமானது முகத்துக்கு, கப்பி கை கால்களுக்கு. பரு உள்ள முகத்தில் கப்பியைத் தேய்த்தால் பரு உடைந்து தழும்பாகும்.

கார்போகரிசி என்ற மூலிகை விதையைச் சேர்ப்பதா வேண்டாமா? பழைய பட்டியல்களில் இருக்கிறது, வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் அதிலுள்ள சொராலென் என்ற வேதிப்பொருள் தோலை வெயிலுக்குக் கூருணர்வாக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் அது பயன்படுவதே அதனால்தான். காலையில் குளித்துவிட்டு வெயிலில் அலைபவர்களுக்குத் தோல் சிவந்து கருக்கலாம். விட்டுவிடுங்கள், மாவுக்கு ஒரு குறையும் வராது. பாக்கெட்டில் பொருள் பட்டியல் பார்ப்பதும் இதற்காகத்தான். 'மற்றும் இதர மூலிகைகள்' என்று மழுப்பியிருந்தால் கீழே வைத்துவிடலாம்.

'நச்சு நீக்கும்', 'வெள்ளையாக்கும்' என்றெல்லாம் அட்டையில் போடுகிறார்கள். அழுக்கும் எண்ணெயும் போகும், தோல் மிருதுவாகும். அவ்வளவுதான் இந்த மாவின் வேலை. வறண்ட தோலுக்குத் தண்ணீருக்குப் பதில் பாலில் குழைக்கலாம். இரண்டு ஸ்பூனை அப்போதைக்கப்போது கலக்குங்கள். குழைத்த மிச்சம் மறுநாள் புளித்து நாறும். பூசியது இறுகிக் காயும்வரை விடாமல் ஈரம் இருக்கும்போதே கழுவுங்கள். குளித்த பிறகு பாத்ரூமில் தண்ணீர் போகும் சல்லடை மூடியை ஒருமுறை பாருங்கள், வெட்டிவேர் நார் அடைத்துக்கொள்ளும்.